நின்ற காரை ஓட்டிய ஊர்

நேரில் பார்த்தவர் என்று மனித குலத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். இரண்டு சைக்கிள்கள் மோதி, விழுந்த இருவரும் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டி முடிப்பதற்குள், எங்கிருந்தோ வந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, “நான் பார்த்துக்கினேதான் இருந்தேன்” என்று ஆரம்பிப்பாரே, அவரேதான். அவர் எப்போது வந்தார், எந்தச் சந்திலிருந்து வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதை மட்டும் யாரும் நேரில் பார்த்ததில்லை.

சாதாரண மனிதர்களிடமிருந்து இவரைப் பிரித்து அறிவது சுலபம். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் சாதாரண மனிதர், பாவம், போகட்டும். நேரில் பார்த்தவர் சத்தத்துக்கு முன்பே திரும்பிவிடுவார். விபத்து நடக்கப்போகிறது என்று அவருக்கு மட்டும் முன்கூட்டியே தகவல் வந்திருக்கும். லாரி முனையில் தலைகாட்டும்போதே, ‘இவன் இன்னைக்கு யார் மேலயோ ஏத்தப்போறான்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு நிற்பார். அப்படித் தெரிந்தவர் கையைத் தூக்கித் தடுத்திருக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். பார்ப்பதுதான் அவர் வேலை. தடுப்பது போலீஸ்காரர் வேலை.

அடிபட்டவரை இவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அடிபட்டவர் நடுவில் வாயைத் திறந்து, “இல்லீங்க, நான் அந்தப் பக்கமா வரல” என்று ஏதாவது சொல்லிவைப்பார், கதை கெட்டுப்போகும். ஆகவே, “நீ சும்மா இருப்பா, உனக்கு மயக்கம், நான் சொல்றேன்” என்று அவரை ஒரு கடைப்படியில் உட்கார வைத்து, சோடா உடைத்துக் கையில் கொடுத்து, அவர் வாய் சோடாவில் இருக்கும்போதே மளமளவென்று மேலே போய்விடுவார். சோடாவுக்குக் காசு அடிபட்டவர்தான் தரவேண்டும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும் காஞ்சிபுரத்தில் விளைவது தனி ரகம். மற்ற ஊர்களில் நேரில் பார்த்தவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள். டிரைவர் குடித்திருந்தானா என்று முகர்ந்து பார்ப்பார்கள். எங்கள் ஊரில் முதல் கேள்வியே, “எந்தப் பக்கமா வந்தான்?” என்பதுதான். வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு சாமி உலா வருகிற ஊர் இது. ராஜவீதி நான்கையும் சாமி வலமாகத்தான் சுற்றும். பின்னாலேயே மேளம், தீவட்டி, பஞ்சுமிட்டாய்க்காரன், நாங்கள். பிறந்ததிலிருந்து அப்படியே நடந்து பழகிய கால், அரிசி வாங்கக் கிளம்பினாலும் வலமாகத்தான் கிளம்பும். ஆகவே சாமி போகிற பக்கமாகப் போனவன் நியாயஸ்தன். எதிரே வந்தவன் தனக்கு எது நடந்தாலும் தானே தேடிக்கொண்டவன். இடதுபுறமாகச் செல்லவும் என்று சர்க்கார் பலகை எழுதி வைத்திருக்கிறது. வைக்கட்டும். சர்க்கார் எந்தச் சாமியைத் தூக்கியிருக்கிறது?

இந்தச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் கண்ணாயிரம். ஊரின் பெரிய காஞ்சிபுரம் பகுதியில் ஜரிகை வியாபாரம். ஜரிகை வாங்க நெசவாளர் யாராவது கடைக்குப் போனால், கல்லாவில் அவர் மனைவிதான் இருப்பார். எங்கே அவர் என்று கேட்டால், “எங்கியோ இன்னாவோ நடந்துச்சாம், நேர்ல பார்க்கப் போயிருக்காரு” என்று பதில் வரும். நடந்து முடிந்ததை எப்படி நேரில் பார்ப்பது என்று அந்த அம்மாளும் கேட்டதில்லை, ஜரிகை வாங்க வந்தவரும் கேட்டதில்லை. காப்பி ஓட்டலில் கண்ணாயிரம் உட்கார்ந்தால் மேஜைதான் ராஜவீதி. பொடி டப்பா லாரி, நெருப்புப்பெட்டி கார், இட்லித் துணுக்கு பாதசாரி. விபத்து முடிந்ததும் பாதசாரியைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போவார்.

சரி, இவரால் யாருக்கு என்ன கெடுதல், பேசிவிட்டுப் போகட்டுமே என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், துரைக்கண்ணுவின் டாக்சி விஷயம் வரும்வரையில்.

அறுபத்தெட்டிலோ அறுபத்தொன்பதிலோ, ஆவணி மாதம். கல்யாண முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கின்றன. மெட்ராஸிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பட்டு வாங்க வந்து இறங்குகிறார்கள். டாக்சிக்காரர்களுக்கு அதுதான் அறுவடை. துரைக்கண்ணு ஓட்டியது சொந்தக் கார். சொந்தம் என்றால், அவர் மனைவி தேவகியின் காசுமாலையும் ரெட்டை வடச் சங்கிலியும் உருகி ஒரு பழைய அம்பாசிடராக நின்றது என்று அர்த்தம். காருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனால் அது, காரால் ஊருக்கு ஏற்படும் சேதத்துக்கு. ஊரால் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு அதில் இடமில்லை.

அன்றைக்கு ஒரு மெட்ராஸ் குடும்பத்தைப் பட்டுக்கடையில் இறக்கிவிட்டார் துரைக்கண்ணு. அவர்கள் இரண்டு புடவை எடுக்க வந்தவர்கள். முந்தானை பிடித்தால் கரை பிடிக்காது, கரை பிடித்தால் மாமியாருக்குப் பிடிக்காது. வெயில் தாழாமல் வெளியே வரமாட்டார்கள் என்பது டாக்சிக்காரருக்குத் தெரியும். மேற்கு ராஜவீதி முனையில் ஒரு புங்கமரம். அதன் நிழலில், சாமி போகிற பக்கமாக முகம் வைத்துக் காரை நிறுத்தினார். கைப்பிரேக்கை இழுத்தார். பின் சீட்டில் ஏறிப் படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, தூங்கிப்போனார்.

பாலாற்றுக்கு அக்கரையிலிருந்து தர்மன் என்று ஒரு பெரிய விவசாயி, உர மூட்டைகளோடு தன் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிற யோசனை அவருக்கு. பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் ஓட்டுக் கணக்கைத் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே முனையில் திரும்பினார். திரும்பியவர் தன் பக்கத்தை விட்டு, சாலை முழுவதையும் குறுக்கே கடந்து, மரத்தடியில் நின்ற அம்பாசிடரின் மூக்கில் போய் முடிந்தார். விளக்கு இரண்டும் தூள், ரேடியேட்டர் உள்ளே, பானெட் மேலே. துரைக்கண்ணு சீட்டிலிருந்து உருண்டு கீழே விழுந்ததைத் தவிர ஆளுக்குச் சேதமில்லை.

நடந்தது இவ்வளவுதான். உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அன்றைக்கு நான் செங்கற்பட்டில் இருந்தேன். அதனால்தான் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடிகிறது. அன்று சாயங்காலம் துரைக்கண்ணு தன் மனைவியிடம் சொன்னது இது. அந்த அம்மாள் பிறகு எனக்குச் சொன்னது. சில நாளில் துரைக்கண்ணுவே வேறு சொல்ல ஆரம்பித்துவிட்டார். அங்கேதான் வருகிறேன்.

அந்த நேரத்தில் நம் கண்ணாயிரம் எங்கே இருந்தார்? மரத்துக்கு நேர் எதிரே, வேலாயுதத்தின் சலூனில். நாற்காலியில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்து கத்தி தொண்டைக்கு வந்திருந்தது. அந்த நிலையில் இருக்கிற மனிதர் தெருவைப் பார்ப்பதில்லை, குலதெய்வத்தைத்தான் பார்ப்பார். தடால் என்று சத்தம் கேட்டது. கத்தி நின்றது. கண்ணாயிரம் துண்டோடும் நுரையோடும் வெளியே ஓடி, முதலில் அகப்பட்டவரைப் பிடித்து, “இன்னா ஆச்சிபா?” என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அதற்குப் பிறகு பதில் மட்டுமே.

மறு கன்னத்துக்காகத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முழு சாட்சியாகியிருந்தார்.

“எதிரே வந்து இடிச்சான்பா ஜீப்காரன். அவன் திரும்பும்போதே பார்த்தேன்.”

வேலாயுதத்துக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. “கண்ணத்தான் மூடிக்கினு இருந்தியே, நைனா?”

“மூடினா இன்னாபா? எதிர்ல அம்மாம் பெரிய கண்ணாடி மாட்டி வச்சிருக்கியே, அது எதுக்கு?”

வேலாயுதம் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி இருந்தது, அதை மறுக்க முடியவில்லை. மேற்கொண்டு சிரைத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்ணாயிரத்துக்குத் துரைக்கண்ணு மேல் துளிக்கூட விரோதம் கிடையாது. ஊரில் யாருக்குமே கிடையாது. தப்பு ஜீப்பின் மேல்தான் என்று ஜீப்பை இன்ஷூர் செய்த கம்பெனி ஒப்புக்கொண்டால் அம்பாசிடருக்குப் புது மூக்கு வரும், இல்லாவிட்டால் முகூர்த்தம் பூராவும் அது ஒர்க்ஷாப்பில் கிடக்கும், தேவகியின் கழுத்தும் சும்மா கிடக்கும் என்பது ஊருக்கே தெரியும். நம்ம பையனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று எல்லோரும் மனசாரத்தான் விரும்பினார்கள். விரோதிகளாக இருந்திருந்தால் துரைக்கண்ணு பிழைத்திருப்பார்.

காப்பி ஓட்டலில் அன்று மாலையே விசாரணை தொடங்கிற்று. கண்ணாயிரம் நெருப்புப்பெட்டியை மேஜை ஓரமாக வைத்தார். பொடி டப்பாவை எதிரேயிருந்து கொண்டுவந்து இடித்தார். “அவ்ளோதான்” என்றார்.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவுதானா? இதற்கா தறியை விட்டுவிட்டு வந்தோம்?

“கார் நின்னுக்கினா இருந்துது?” என்றார் ஒருவர்.

“ஆமா.”

“எந்தப் பக்கம் பார்த்து?”

“சாமி போற பக்கம் பார்த்து.”

“அப்ப போய்க்கினுதான இருந்திருக்கும்? சாமி போற பக்கம் பார்த்துக்கினு ஒரு வண்டி சும்மா ஏன் நிக்குது?”

கண்ணாயிரம் யோசித்தார். அதில் ஒரு நியாயம் இருந்தது. சும்மா நின்ற காருக்கு என்ன புண்ணியம்? சுவருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? சாமி போகிற வழியில், பயபக்தியோடு, வலமாக வந்துகொண்டிருந்த காரை எதிரே வந்து இடித்தான் என்றால் அல்லவா அந்த ஜீப்காரன் செய்தது அக்கிரமமாக நிற்கும்! துரைக்கண்ணுவின் கட்சிக்கு அதுதானே பலம்! கண்ணாயிரம் ஒரு விரலால் நெருப்புப்பெட்டியை மெதுவாக முன்னே தள்ளினார். “வந்துக்கினுதான்பா இருந்துது” என்றார்.

அவ்வளவுதான். கைப்பிரேக் போட்டு நிறுத்திய கார் புறப்பட்டுவிட்டது. அதற்கப்புறம் அதை யாராலும் நிறுத்த முடியவில்லை.

முதலில் அது நடை வேகத்தில் போயிற்று. மறுநாள் ஹாரன் அடித்தது. தறியில் பாவு நூல் ஓர் இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்டுச் சேர்த்துவிடுகிற ஊர். ஒரு கதையை அறுந்த இடத்தில் அப்படியே விட்டுவைக்குமா? வலமாக வந்த நல்ல டிரைவர் ஏன் மோதலைத் தவிர்க்கவில்லை என்று பட்டுநூல்கடைக்காரர் ஒருவர் சந்தேகம் எழுப்பினார். உடனே குறுக்கே ஒரு சின்னப் பெண் ஓடிவந்தாள். கையில் பூக்கூடை. அவளைக் காப்பாற்ற வேண்டித்தான் துரைக்கண்ணு ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தார் என்றும், ஒடித்திருக்காவிட்டால் குழந்தை போயிருக்கும் என்றும், கண்ணாயிரம் குரல் தழுதழுக்கச் சொன்னபோது ஓட்டல் முதலாளியே கல்லாவை விட்டு எழுந்து நின்றார். அந்தப் பெண் யார் என்று கேட்டதுதான் தாமதம், தெருவுக்கு ஒரு பெண் கிடைத்தாள். சில தெருக்களில் இரண்டு.

இதையெல்லாம் துரைக்கண்ணு கேட்டாரா? கேட்டார். முதல் நாள், “நான் தூங்கிக்கினு இருந்தேன்பா” என்று சொல்லிப் பார்த்தார். “உனக்கு அதிர்ச்சி, ஞாபகம் இருக்காது” என்று தோளில் தட்டினார்கள். பிறகு காப்பி ஓட்டலில் அவரிடம் காசு வாங்க மறுத்தார்கள். பெரிய பட்டுக்கடை முதலாளி, இதுவரை “டாக்சி!” என்று மட்டுமே கூப்பிட்டவர், “வாப்பா துரைக்கண்ணு” என்றார். கோயில் வாசலில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் அவர் தலையில் கை வைத்து, நீ நல்லா இருக்கணும் என்று கண் கலங்கினாள். தூங்கினவனுக்கு யார் இதையெல்லாம் செய்வார்கள்? துரைக்கண்ணுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வர ஆரம்பித்தது. முதலில் ஹாரன் ஞாபகம் வந்தது. அப்புறம் பூக்கூடை.

தேவகி பயந்துபோனாள். “இதோ பாருய்யா, நீ தூங்கினதுதான் நமக்குத் தெய்வம். இன்ஷூரன்ஸ்காரர் வந்தா அதை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வாயத் தொறக்காதே.”

“சொல்றேன், சொல்றேன்” என்றார் துரைக்கண்ணு. “ஆனா அந்தக் கொழந்தை...”

“எந்தக் கொழந்தை?”

துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜீப்பின் கம்பெனியிலிருந்து வரதராஜன் என்று ஓர் அதிகாரி மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லி மனிதர், குடை, தோல்பை, அளந்து பேசுகிற பேச்சு. யாரையும் கேட்காமல் நேரே ஒர்க்ஷாப்புக்குப் போய்க் காரைப் பார்த்தார். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த காரில் கைப்பிரேக் இழுத்தபடியே இருந்தது. மரத்தடிக்கு வந்து பார்த்தார். கண்ணாடித் தூள் நிழலிலேயே கிடந்தது. நின்ற காரில் ஜீப் வந்து இடித்திருக்கிறது என்பது அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. தன் கம்பெனிக்குப் பாதகமானாலும் உள்ளதை எழுதிவிடுகிற, அருகிப்போன மனிதர் அவர். கார்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றுதான் சலூனிலிருந்து ஒரு நாற்காலியை வாங்கி மரத்தடியில் போட்டு உட்கார்ந்தார். ராஜவீதியில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது தெரு நிரம்பியிருந்தது. முன்னால் கண்ணாயிரம்.

“நான் நேர்ல பார்த்தவன் சார்.”

“எங்கேயிருந்து பார்த்தீங்க?”

“தோ, எதிர்ல. சலூன்லேந்து.”

“அங்கே என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

“பார்த்துக்கினு இருந்தேன்.”

வரதராஜன் வேலாயுதத்தைப் பார்த்தார். வேலாயுதம் வானத்தைப் பார்த்தார். வாடிக்கைக்காரர்களின் முகத்தை நம்பிப் பிழைக்கிறவர், வேறென்ன செய்வார்?

“கார் நின்னுக்கிட்டுத்தானே இருந்தது?” என்றார் வரதராஜன். கவனியுங்கள்: பதிலையே எடுத்துக் கையில் கொடுக்கிறார். எதிர்க் கம்பெனி ஆள்! ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை போதும்.

“நின்னுக்கினா?” கண்ணாயிரத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “இன்னா சார் சொல்றீங்க? அம்சமா வலம் வந்துக்கினு இருந்துது சார். சாமி போற பக்கமா. ஜீப்புதான் எதிரே வந்துது. நூறு பேர் பார்த்தோம்.”

“ஆமா, ஆமா” என்றது தெரு.

“கைப்பிரேக் போட்டிருக்கே?”

“அதான் சார் டிரைவர்! இடிச்ச அடுத்த நிமிஷம் போட்டுட்டான்!”

“கண்ணாடித் தூள் இங்கே மரத்தடியிலே கிடக்குதே?”

“நடுத்தெருவுல இருந்தா கால்ல குத்தும்னு நாங்கதான் சார் ஓரமா தள்ளினோம்.” கூட்டத்தில் நாலைந்து பேர், தள்ளியவர்கள் தாங்களே என்று கையைத் தூக்கினார்கள்.

வரதராஜன் பெருமூச்சு விட்டார். துரைக்கண்ணுவைப் பக்கத்தில் கூப்பிட்டார். “மத்தவங்க சொல்றது இருக்கட்டும், தம்பி. உங்க கார். நீங்க சொல்றதைத்தான் நான் எழுதப்போறேன். கார் நின்னுதா, ஓடிச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

கூட்டத்தின் ஓரத்தில் தேவகி நின்றிருந்தாள். கணவன் பார்க்கிற மாதிரி உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். தூக்கம், தூக்கம். அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே சமயம், முன்வரிசையில் யாரோ ஒரு தாய், தலை நிறையப் பூ வைத்துச் சீவிய ஒரு சின்னப் பெண்ணை முன்னால் தள்ளி, “மாமாவுக்குக் கும்பிடு போடு” என்றாள். அந்தப் பெண்ணும் போட்டது. பட்டுக்கடை முதலாளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் வாசல் அம்மாள்கூட வந்திருந்தாள். இத்தனை பேருக்கு நடுவில், நான் பின்சீட்டில் காலை நீட்டித் தூங்கினேன் என்று ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? நீங்கள் சொல்வீர்களா?

“ஓடிக்கினுதான் இருந்துது சார்” என்றார் துரைக்கண்ணு. “கொழந்தை குறுக்க வந்துது. வலது பக்கமா ஒடிச்சேன்.”

தெருவே கை தட்டிற்று. வேலாயுதம்கூடத் தட்டினார்.

“வலது பக்கம்னா, ஜீப் வர்ற பக்கம்?”

“ஆமா சார்.”

“நீங்களாவே அந்தப் பக்கம் போனீங்க?”

“நானேதான் சார்” என்றார் துரைக்கண்ணு நெஞ்சை நிமிர்த்தி. அவருடைய வாழ்நாளில் அப்படி ஒரு நிமிர்வு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வரதராஜன் எழுதினார், பேனாவை மூடினார். “அப்போ ஜீப் தன் பக்கத்திலே வந்திருக்கு. நீங்க பக்கம் மாறிப் போயிருக்கீங்க. தப்பு உங்க மேலேதான் வருது. கம்பெனி ஒண்ணும் செய்ய முடியாதுங்க.”

கை தட்டிய தெருவுக்கு இது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கண்ணாயிரம் பதறிப்போய், “சார், சார், ஜீப்பு எதிரே வந்துது சார்! சாமிக்கு எதிரே!” என்று குடையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமிக்கு எதிரேன்னு சட்டத்திலே இல்லீங்களே” என்று குடையை மெல்ல விடுவித்துக்கொண்டு வரதராஜன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். வலமாக நடந்தாரா என்று நூறு பேரும் பார்த்தார்கள். இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், ஒரு டாக்சிக்காரர் குழந்தைக்காக எப்படி ஸ்டீயரிங்கை ஒடித்தார் என்று கையால் ஒடித்தே காட்டிக்கொண்டு போனாராம், அதை மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து காதால் மட்டும் கேட்ட அந்த மனிதர்.

அன்று வீட்டில் தேவகி கத்தவில்லை. “ஊரு வண்டிய ஓட்டுச்சு. நீயும் ஏறி உக்காந்துக்கினே” என்று மட்டும் சொல்லிவிட்டு, விளக்கை ஏற்றி, அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை. அந்த முகூர்த்தம் முழுவதும் மெட்ராஸ்காரர்கள் வந்தார்கள், போனார்கள். மற்ற டாக்சிகள் ராஜவீதியைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவள் கழுத்து நகை மட்டும் மூக்கு உடைந்து ஒர்க்ஷாப்பில் நின்றது. ஊரார் ஒவ்வொருவராக வந்து வருத்தம் தெரிவித்தார்கள். கண்ணாயிரம் இரண்டு தடவை வந்தார், உண்மையாகவே வருந்தினார். அந்த அதிகாரி லஞ்சம் வாங்கியதைத் தான் நேரில் பார்த்ததாகச் சொன்னார்.

கதை அதோடு முடியவில்லை. ஒரு நாள் தர்மனே துரைக்கண்ணு வீட்டுக்கு வந்து நின்றார். தப்பு தன் மேல் இல்லை என்று கம்பெனியே சொன்னபிறகு அவருக்குத் தன் மேல் மிகுந்த மரியாதை வந்திருந்தது. டாக்சிதான் பாய்ந்து வந்தது என்று அவருக்கும் இப்போது நன்றாக நினைவிருந்தது. “கொழந்தைக்காகச் சொந்த வண்டியயே குடுத்தவன்யா நீ” என்றார் கண் கலங்க. “உன்ன மாதிரி ஒருத்தன்தான் எனக்கு வேணும். எலக்‌ஷன் வருது. நாளைலேந்து என் ஜீப்ப நீ ஓட்டு.”

வேறு வழி? ஓட்டினார். இன்றும் ஓட்டுகிறார். தன் காரை இடித்த ஜீப்பைத் தானே துடைத்து, தானே தண்ணீர் ஊற்றி, தேர்தல் கூட்டங்களுக்கு ஓட்டிப் போகிறார்; மேடையில் தர்மன் குழந்தைக் கதையைச் சொல்லும்போது எழுந்து நின்று கும்பிடு போடுகிறார்.

தேவகி மட்டும் விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில், கோயில் பிராகாரத்தில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், “எங்க வூட்டுக்காரரு அன்னைக்குத் தூங்கிக்கினு இருந்தாரு, வண்டி நின்னுக்கினு இருந்துது” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒருவரும் நம்புவதில்லை. ஒரு தடவை கண்ணாயிரத்திடமே நேருக்கு நேர் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பரிதாபமாக அவளைப் பார்த்து, “நீ நேர்ல பார்த்தியாம்மா?” என்று கேட்டார். அவள் அப்போது வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாயிரத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நான் பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். சந்தோஷம். அப்படியானால் ஒரே ஒரு கேள்வி, யோசிக்காமல் சட்டென்று சொல்லுங்கள்: தர்மனின் ஜீப் என்ன நிறம்?

பச்சைதானே? காக்கி என்கிறாரே உங்கள் பக்கத்தில் இருப்பவர்? இருவரும் சண்டை போட்டுக்கொள்ளாதீர்கள். ஜீப்பின் நிறத்தை நான் எங்கேயும் சொல்லவில்லை. வேண்டுமானால் மேலே போய்த் தேடிப் பாருங்கள்.